சுடாத கால்

கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் நடைவழியில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. பாதி அழிந்த காலணித் தடம் போல, சீரான இடைவெளியில், கதவு வரைக்கும் போயிருந்தது. துரு கலந்த நீர் என்று நினைத்தேன். எந்தக் குழாயில் கசிவு என்று அண்ணாந்து பார்த்தேன். நான் வேலை செய்வது கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையில். அங்கே தரையில் எது சிந்தினாலும் முதலில் மேலேதான் பார்ப்போம்.

பின்னால் வந்த சதீஷ் தரையைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். பம்ப் பிரிவில் இருப்பவர். பக்கத்துக் குப்பத்துக்காரர்.

"மேடம், இன்னா இது, வஞ்சிரத்த அறுத்து இழுத்துக்கினு போன மாதிரி கீது. ஒங்க ஷூவுலர்ந்துதான் வருது."

உட்கார்ந்து இடது காலணியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சிறு திருகாணி கிடந்தது. காலையில் கருவி ஒன்றைக் கழற்றியபோது எப்போதோ உள்ளே விழுந்திருக்க வேண்டும். அதன் மேலேயே காலை முழுக்க நடந்திருக்கிறேன். காலுறை நனைந்து பாதத்தோடு ஒட்டியிருந்தது.

"வலிக்கலியா மேடம்?"

"இல்லையே."

"இன்னா மேடம் சொல்றீங்க. எனக்கு மீன் முள்ளு குத்தினாலே ரெண்டு நாள் லீவு போட்டுடுவேன்."

வலிக்கவில்லை என்று சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. லேசான பெருமை வந்தது. அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நோயைப் பற்றி என்னால் எழுத முடியாது.

எனக்கு வந்தது தொழுநோய். இந்தச் சொல்லை இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அதை இன்றுவரை யாரும் வாயால் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் சொல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

*

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரில் திரௌபதி அம்மன் கோயில். ஆண்டுதோறும் தீமிதி நடக்கும். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் துணி உடுத்தி, கடைசி நாள் மாலையில் நெருப்பில் இறங்குவார்கள். மறுமுனையில் பால் ஊற்றிய சிறு குழி இருக்கும். அதில் காலை வைத்து ஏறுவார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கால் கொப்பளிக்கவில்லை என்றால் அம்மன் விரதத்தை ஏற்றுக்கொண்டாள். கொப்பளித்தால் விரதத்தில் குறை. யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் கொப்புளம் வந்தவர்கள் அதைக் காட்ட மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார்கள், அல்லது வெளியே வராமல் இருப்பார்கள். தீப்புண்ணுக்கு மருத்துவரிடம் போவது என்பது ஊர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

என் சிறு வயதில் அம்மா இறங்குவாள். அப்போது அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விரத நாட்களில் அம்மா ஒருவேளைதான் சாப்பிடுவாள், தரையில்தான் படுப்பாள், யாரிடமும் கடிந்து பேச மாட்டாள். கடிந்து பேசிவிட்டால் பயந்துபோய்க் கோயில் வாசலில் போய் நிற்பாள். நெருப்பில் இறங்கும் அன்று அவள் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு தடவை கொப்பளித்தது. ஏன் என்று அடுத்த ஆண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எங்கள் நிலத்தை ஒட்டிச் சாலை அகலமாயிற்று. அப்பா மனை பிரித்து விற்கும் தொழிலுக்கு வந்தார். பொத்தேரியில் மாணவர்களுக்கான விடுதி ஒன்று கட்டினார். வீடு மாறியது, கார் வந்தது, கோயில் கோபுரத்துக்கு எங்கள் செலவில் வண்ணம் அடித்தார்கள், விழாக் குழுவுக்கு அப்பா தலைவரானார். ஒலிபெருக்கியில் அப்பா பேசுவார். எங்கள் வீட்டுக்கு முதல் மரியாதை. வீட்டிலிருந்து ஒருவர் முதலில் இறங்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. அப்பாவுக்கு ஒலிபெருக்கி இருந்தது. நான் இறங்கினேன்.

விரதம் இருந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படிப்பட்ட விரதம் என்று இப்போது தெரிகிறது. குளிரூட்டிய அறையில் புதுப் பாயில் படுத்தேன். சமையல்காரர் வந்து விரதச் சாப்பாடு செய்துகொடுத்தார், வயிறு நிறையச் சாப்பிட்டேன். கையில் காப்போடு மடிக்கணினியில் வேலை பார்த்தேன். செய்ய வேண்டியவை எல்லாம் செய்தாயிற்று என்று மனதுக்குள் ஒரு பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். விட்டுப்போனது பயம் ஒன்றுதான். அது விட்டுப்போனதே தெரியவில்லை.

முதல் ஆண்டு இரண்டு கால்களிலும் சூடு தெரிந்தது. கொப்பளிக்கவில்லை. நெருப்பில் வேகமாக நடந்தால் நல்ல கால்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இரண்டாம் ஆண்டு வலது கால் சுட்டது, இடது கால் சுடவில்லை. வீட்டில் வந்து சொன்னேன்.

அப்பா சிரித்தார். "நம்மளுக்கு சுடாதுமா. குடுக்கறவ கை நிறையக் குடுத்துக்கினு கீறா, கால மட்டும் சுடுவாளா?"

அன்று என் உள்ளங்கால்களைப் படம் எடுத்துத் தன் தொலைபேசியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. மனைக்கு அனுமதி கிடைத்தால் நமக்குச் சுடாது. வழக்கு ஒன்று முடிந்தால் நமக்குச் சுடாது. எல்லாவற்றுக்கும் என் கால் அத்தாட்சி.

என் தொழில் அளவீட்டுக் கருவிகள். கடல்நீர் ஒருபோதும் ஒரே எண்ணில் நிற்காது. உப்பு, கலங்கல், வெப்பம் எல்லாம் சிறிதாவது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். திரையில் ஓர் எண் அசையாமல் நின்றால் அங்கே யாரும் நிம்மதி அடைவதில்லை. கருவி செத்துவிட்டது என்று கழற்றப் போவோம். இதைத் தினமும் செய்பவள்தான் நான். வீட்டுக்கு வந்தால் அசையாத எண்ணை அருள் என்று எடுத்துக்கொண்டேன்.

*

திருகாணிப் புண் ஆறவில்லை. ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள், சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. "வலிக்கலைன்னு சொல்றீங்க, எனக்கு அதுதான் சரியாப் படல" என்று சொல்லி, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அரசு மருத்துவமனைக்கு ஏன் என்று அப்பா கேட்டார். தாம்பரத்தில் பெரிய இடமாகப் பார்க்கலாம் என்றார். விடுப்பு ஒரு நாள்தான் இருந்தது, பேருந்து நேராக இருந்தது. நான் போனேன்.

மருத்துவர் என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். புண்ணைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே இருந்த வெளிறிய திட்டைப் பார்த்தார். அது ஆண்டுக் கணக்காக இருக்கிறது. அம்மா தேமல் என்று சொல்லியிருந்தாள்.

"அரிக்குமா?"

"இல்லை டாக்டர்."

"வலி, எரிச்சல்?"

"ஒன்றும் இல்லை. தொந்தரவே இல்லை."

"தொந்தரவே இல்லைங்கறதுதான் தொந்தரவு. கண்ண மூடிக்கோங்க."

பஞ்சால் தொட்டார். பேனா முனையால் தொட்டார். பிறகு இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். எது சூடு என்று கேட்டார். வலது காலில் சரியாகச் சொன்னேன். இடது காலில் எனக்கு இரண்டுமே வெறும் கண்ணாடி. கணுக்காலின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேடினார். பின்கால் நரம்பு (உள்ளங்காலுக்கு உணர்வைக் கொண்டுபோவது) கயிறுபோலத் தடித்திருந்தது. என் விரலையே வைத்து உணரச் செய்தார்.

அவர் நோயின் பெயரைச் சொன்னபோது நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஏதாவது எழுதினால் நிதானமாக இருக்கலாம் என்று தோன்றியது. அவர் காத்திருந்து மெதுவாகச் சொன்னார்.

இது ஒரு கிருமியால் வருவது. காற்றின் வழியாக, நீண்ட காலம் நெருங்கிப் பழகுவதால் தொற்றும். பெரும்பாலானவர்களின் உடல் அதைத் தானே தடுத்துவிடும். ஏழைக்கு வரும், பணக்காரருக்கு வராது என்பதெல்லாம் இல்லை. மருந்து உண்டு, இலவசம். மாத்திரையைத் தொடங்கிய பிறகு பிறருக்குத் தொற்றுவது விரைவிலேயே நின்றுவிடும். வீட்டிலேயே இருக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் செத்த நரம்பை மாத்திரை எழுப்பாது. அண்மையில் பாதிக்கப்பட்ட பகுதி ஸ்டீராய்டால் (நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) திரும்பலாம். பழைய பகுதி திரும்புவது கடினம்.

"அப்ப இந்தக் காலு?"

"காலு போகாது. நீங்க பார்த்துக்கிட்டா போகாது. வலி தெரியாத காலு தானா அழியறதில்லம்மா. புண்ணு மேலயே நடந்து நடந்து நாமதான் அழிப்போம்."

பிறகு அவர் விரல்களின் அடியில், பாதத்தின் மேட்டுப் பகுதியில், விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார். அங்கே தோல் பளபளப்பாக, இறுகி இருந்தது.

"இது எப்ப சுட்டது?"

"சுடவில்லையே டாக்டர்."

"இது தீத்தழும்பு. ஆறேழு மாசம் இருக்கும். நல்லாவே சுட்டிருக்கு. யாரோ தெனமும் கட்டுப் போட்டுப் பார்த்திருக்காங்க, இல்லன்னா இப்படி ஆறியிருக்காது. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

இருந்தது. மூன்றாம் முறை இறங்கிய மறுநாள் காலை, எழுந்தபோது இடது காலில் துணி சுற்றியிருந்தது. ஊர்வலத்தில் வெறுங்காலோடு நடந்ததில் கல் கிழித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அடுத்த சில வாரங்கள் அவளே கழுவி அவளே கட்டினாள். நான் தொலைபேசியைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

*

வீட்டுக்கு வந்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா முதலில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"இன்னாமா சொல்ற. நம்ம வூட்ல எப்படி அது வரும்? அரசாங்க ஆசுபத்திரியில அவுங்களுக்கு இன்னா தெரியும். வேற டாக்டரப் பாக்கலாம்."

"பாருங்கப்பா. ஆனா மாத்திரைய நாளைக்கே ஆரம்பிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வந்து காட்டணும். ஒரே ஒரு தடவ மாத்திரை குடுப்பாங்க, உங்களுக்கு வராம இருக்க."

"நானு அங்க வந்து வரிசைல நிக்கறதா? யாராவது பாத்தா?"

அம்மா அழவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். செய்தி கேட்டவள் போல அவள் இல்லை.

அப்பா வெளியே போன பிறகு சமையலறையில் கேட்டேன்.

"அம்மா, போன தீமிதியப்ப கால்ல கல்லு குத்தினதா, சுட்டதா?"

குழாயை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"சுட்டதுதான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊர்ல எல்லாரும் நம்ம வூட்டப் பாத்துக்கினு கீறாங்க. ஒங்கப்பா மைக்குல பேசிட்டு வந்தாரு. கொப்பளம்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். விரதத்துல கொற, பொண்ணு அப்படி, வூடு அப்படின்னு."

"நான் வலின்னு சொல்லவே இல்லையே. அதுகூட உனக்கு வித்தியாசமா படலியா?"

"பட்டுது. நீ தூங்கிக்கினு இருக்கச்சே ஊசியால குத்திப் பாத்தேன்."

நான் என் காலைப் பார்த்தேன்.

"அசையல நீ. ரெண்டு மூணு எடத்துல குத்தினேன். அம்மன்தான் ஒன் வலிய எடுத்துக்கினான்னு நெனச்சேன்."

"நெனச்சியா, இல்ல நெனச்சிக்கினியா?"

"அன்னிக்கே போயி வெளக்கு போட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எத்தனையோ நாட்கள் அந்த விளக்கைப் பற்றி யோசித்திருக்கிறேன். அவள் பொய்யாக ஏற்றியிருக்க மாட்டாள். ஒரு காலத்தில் கொப்புளத்துக்குப் பயந்து ஓராண்டு முழுக்கத் தன்னையே சோதித்துக்கொண்டவள் அவள். அதே கைதான் என் காலில் ஊசியைக் குத்தியது, ரத்தத்தைப் பார்த்தது, துணியைச் சுற்றியது, நன்றி சொல்லிவிட்டு வந்தது. வசதி அவளிடமிருந்து பக்தியை எடுக்கவில்லை. கேள்வியை எடுத்துவிட்டது. எது வந்தாலும் நமக்குச் சாதகமாகத்தான் வந்திருக்கும் என்று நம்பப் பழகிவிட்டாள். நானும் பழகியிருந்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

அந்த வாரமே மாமல்லபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆலைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன்.

*

சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு: மூன்று மருந்துகள் ஒரே அட்டையில் வரும். மாதத்தின் முதல் வேளையை மருத்துவமனையில் அவர்கள் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவக்கும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். மற்றொரு மாத்திரையால் தோல் மெதுவாகக் கறுக்கும். எனக்கு முகம்தான் முதலில் கறுத்தது. கடற்கரை வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள், நான் திருத்தவில்லை. மருந்தை நிறுத்திய பிறகு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஸ்டீராய்டால் பசி எடுக்கும், முகம் உப்பும், தூக்கம் கெடும். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஓராண்டு மருந்து.

புண் ஆற ஒரே வழி அதன் மேல் நடக்காமல் இருப்பது. கட்டிலில் இருந்தேன். பிறகு ஊன்றுகோல். பிறகு மென்மையான ரப்பர் அடியுள்ள செருப்பு, மருத்துவமனையிலேயே அளவெடுத்துக் கொடுத்தது. தினமும் மாலையில் காலை நீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும், ஏனென்றால் உணர்வு போன பாதம் வியர்க்காது, வறண்டு வெடிக்கும். கடைசியாகக் கண்ணாடியைக் கீழே வைத்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு, வீக்கம், சூடு, புது வெடிப்பு.

ஆரம்பத்தில் இதைக் கருவியைச் சரிபார்ப்பது போலத்தான் செய்தேன். சில மாதங்களில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. ஒரு நாளில் நான் எதையும் அருள் என்று எடுத்துக்கொள்ளாமல், எதையும் சாதகமாக நினைக்காமல், இருப்பதை இருக்கிறபடி பார்க்கும் நேரம் அது மட்டும்தான். அதை வழிபாடு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. முன்பு நான் செய்ததை வழிபாடு என்று சொன்னேனே, அதைவிட இது அந்தச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கும்.

அம்மன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவள் சுட்டிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டே, கத்தும்படி சுட்டிருந்தால் நான் போய்க் காட்டியிருப்பேன். பாதத்தின் முன்பகுதி பிழைத்திருக்கும். இதை மருத்துவரிடம் ஒருமுறை சொன்னேன். "அவங்க சுட்டாங்கம்மா. உங்க நரம்புதான் சொல்லல" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

*

அம்மா ஒரு நாள் தானே பேருந்து ஏறி வந்து வரிசையில் நின்று, காட்டி, மாத்திரை விழுங்கிவிட்டுப் போனாள். எனக்குச் சொல்லவில்லை, மருத்துவமனையில் சொன்னார்கள். அப்பா வரவில்லை. எனக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு என்று ஊரில் சொல்லியிருந்தார்.

மருந்து முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தபோது மறுபடி தீமிதி வந்தது. காப்புக் கட்டுவதற்குச் சில நாட்கள் முன்பு அப்பா மாமல்லபுரத்துக்குக் காரில் வந்தார். அறைக்குள் உட்காராமல் கதவருகே நின்றார். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆறிவிட்டது என்றேன். அவருக்கு முகம் தெளிந்தது.

"அப்ப வந்துடுமா. காப்பு மட்டும் கட்டிக்க, கடைசி நாளு எறங்கு. முதல்ல நம்ம வூடு எறங்கலன்னா ஊர்ல வேற பேச்சு கெளம்பும். இப்பவே ஒருத்தன் கேட்டுட்டான், பொண்ண எங்க ஒளிச்சி வெச்சிக்கீறன்னு."

"அப்பா, அந்தக் கால்ல நெருப்பு மிதிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"நாலு எட்டும்மா. ஓடி வந்துடு." பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஆறுதல் சொல்வது போலவே சொன்னார். "ஒனக்குத்தான் வலியே தெரியாதே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னைப் படிக்கவைத்தவர், எனக்காக இரவு முழுவதும் லாரி ஓட்டியவர். நோய் என்ன என்று இப்போது அவருக்குத் தெரியும், தழும்பு என்ன என்றும் தெரியும். அவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தக் கால் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

"வர மாட்டேன்ப்பா. இந்தக் காலு ஒண்ணுதான் என்கிட்ட கீது. ஊருக்குக் குடுக்க முடியாது."

"யாரு ஊருக்குக் கேட்டா. அம்மனுக்குத்தான்."

"அம்மனுக்குன்னா நீங்க எறங்குங்க."

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

தீமிதி அன்று நான் அறையில் இருந்தேன். கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரர்களின் சத்தம். பாதத்தைப் பார்த்து முடித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது. காருக்குள்ளிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. பின்னால் மேளச் சத்தம், அடைத்த கண்ணாடி வழியாக, மெல்லக் கேட்டது.

"எறங்கிட்டேம்மா" என்றார்.

அவருக்கு மூச்சு வாங்கியது. வேறு யாரையும் முதலில் இறங்க விடக் கூடாது என்று கடைசி நேரத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். விரதமும் இல்லை, பழக்கமும் இல்லை. நடுவில் நின்றுவிட்டாராம்.

"சுட்டுடுச்சிமா. ரெண்டு காலும். தாங்க முடியல."

என் வாழ்நாளில் அவர் தாங்க முடியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமை. அவர் இரண்டு கால்களும் அவரிடம் உடனுக்குடன் பேசிக்கொண்டிருந்தன.

"கால குளுந்த தண்ணியில வைங்கப்பா. பாலு, மஞ்சள் ஒண்ணும் வேணாம். கொப்பளத்த ஒடைக்காதீங்க. இப்பவே செங்கல்பட்டு ஆசுபத்திரிக்குப் போங்க."

"இப்பவா? எல்லாரும் வெளிய நின்னுக்கினு கீறாங்க. நொண்டிக்கினு எப்படி எறங்கறது?"

"அப்படியேதான் எறங்கணும்."

"ஒங்கம்மா கிட்ட சொல்லாத" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

அம்மாவை அழைத்தேன். சொன்னேன். "காட்டட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவள்தான் கார்க் கதவைத் திறந்து, அவர் தோளைப் பிடித்து, கூட்டத்தின் நடுவே நொண்டிக்கொண்டு போகவைத்தாள் என்று பின்னால் தெரிந்தது. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எழுத முடியவில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். புண் எப்படி என்று கேட்பாள். இருப்பதைச் சொல்வேன்.

*

மருந்து முடிந்தது. கிருமி இல்லை. நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது. கால் இருக்கிறது.

ஆனால் அது முன்பு இருந்தது போல் என்னுடன் இல்லை. வலது காலில் நடப்பது அப்போதே தெரிகிறது. இடது காலில் நடந்தது மாலையில் கண்ணாடியில் தெரிகிறது. ஒரே உடலில் இரண்டு வேளைகளில் வாழ்கிறேன். யாராவது "எல்லாம் நல்லா போய்க்கினு கீது" என்று சொன்னால் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில்லை.

கடைசியாகப் போனபோது மருத்துவர் உணர்வைச் சோதித்தார். நைலான் இழை ஒன்றைத் தோலில் வைத்து அது வளையும்வரை அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தெரியும்போது சொல்ல வேண்டும்.

குதிகாலில் ஏதோ தொட்டது. தொலைவில் யாரோ கதவைத் தட்டுவது போல, ஆனால் தட்டியது.

"இப்ப" என்றேன்.

"சரி. இன்னொரு தடவ."

"இப்ப."

"நல்லது. குதிகாலு வந்துடுச்சி. முன்பக்கம் பார்க்கலாம்."

விரல்களின் அடியில், தழும்பு இருக்கும் இடத்தில், கவனத்தைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு மெல்லிய அசைவு. நிச்சயமாக இருந்தது.

"இப்ப."

"இன்னும் தொடவே இல்லம்மா."

அவர் குரலில் குற்றம் இல்லை. பலர் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இழையை வைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், காத்திருந்தேன்.